பசைக்களிப் பொம்மையும் 300 மில்லிகிராமும்

ஸ்லைம் எனப்படும் பசைக்களி கம்பளத்தில் ஒட்டும், தலைமுடியில் சிக்கும் என்பதோடு நம் பெற்றோரின் கவலை முடிந்துவிடுகின்றது. அதற்குள் என்ன கலந்திருக்கின்றது என்று கேட்போர் சிலரே.

பசையை இழுபடும் களியாக மாற்றுவது பெரும்பாலும் போராக்சு. பொற்கொல்லர் நகை பற்றவைக்கப் பயன்படுத்தும் வெங்காரம்தான் அது. அதிலுள்ள போரான் மிகுதியாக உடலுக்குள் சென்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகலாம். தொடர்ந்து பெருமளவில் சேர்ந்தால் இனப்பெருக்கத் திறனும் பாதிக்கப்படலாம்.

ஐரோப்பியச் சோதனைமுறை எளிமையானது. பொம்மையின் சிறு பகுதியை இரைப்பை அமிலத்தை ஒத்த மென் ஐதரோகுளோரிக் அமிலத்தில், 37 பாகை வெப்பத்தில் இரண்டு மணிநேரம் வைத்து, வெளியேறும் போரானை அளப்பார்கள். விளையாட்டுக் களிமண்ணுக்குக் கிலோவுக்கு 1,200 மில்லிகிராம். ஒட்டும் பசைக்களிக்கு 300 மட்டுமே. களிமண்ணைப் பிள்ளை நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் விழுங்கக்கூடும் என்றால், விரலில் ஒட்டும் களியை 400 மில்லிகிராம் விழுங்கக்கூடும் என்பது கணக்கு. (விரல் சூப்பும் பிள்ளையை வளர்த்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது.)

2018-ஆம் ஆண்டு பிரித்தானிய நுகர்வோர் அமைப்பான 'விச்' 11 பசைக்களிகளைச் சோதித்தபோது எட்டு இவ்வரம்பை மீறியிருந்தன. ஒன்றில் ஏறத்தாழ 1,400 மில்லிகிராம்! இவை சந்துக்கடைச் சரக்கல்ல; பெயர்பெற்ற இணைய அங்காடியில் வாங்கியவை.

'சிஇ' முத்திரை இருக்கின்றதே என்பார்கள் சிலர். பொம்மைகளைப் பொறுத்தவரை அம்முத்திரையைப் பெரும்பாலும் உற்பத்தியாளரே இட்டுக்கொள்கிறார். அது அரசின் நற்சான்றிதழ் அன்று. மென்பொருள் எழுதியவரே அதைச் சோதித்துத் தேர்ச்சி வழங்குவதைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. பிள்ளைகளின் வாய்க்குள் செல்லும் பொருளில் அதை ஏற்கின்றோம்.

எனவே விற்பனைத் தளமே பொறுப்பேற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இணையச் சந்தைகள்மீது கடமைகளை விதிக்கும் அதிகாரத்தைப் பிரித்தானிய அரசுக்கு 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியுள்ளது. அதன்கீழ் வரும் விதிகளில், சுயேச்சையான ஆய்வுக்கூட அறிக்கையில்லாத பசைக்களியைப் பட்டியலிடக் கூடாது என்னும் விதி இடம்பெற வேண்டுமென நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு நாம் எழுதலாம். பிள்ளைகளைக் கொண்டே அக்கடிதத்தை எழுதச் சொல்லுங்கள். அவர்களின் ஆங்கிலம் நம்முடையதைவிட நன்று.

இன்னொரு வேலையும் உண்டு. ஆபத்தான பொருள்களை ஐரோப்பிய ஆணையம் 'சேஃப்டி கேட்' இணையத்தளத்தில் அறிவிக்கின்றது. அதில் பொம்மைகள் பற்றிய பகுதியை நம் இளையோர் தமிழில் தருவார்களாயின், பகற்பொழுதில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாக்களும் அதைப் படிப்பார்கள்.