நாய்க்குத் தெரியாது

தோட்டத்து எலியையோ தேரையையோ ஓணானையோ கவ்வி விழுங்கும் நாயைக் கண்டு, "எது ஒவ்வும், எது ஒவ்வாது என்று அதற்கே தெரியும்" என்று வீட்டுப் பெரியவர்கள் முதல் படித்த உத்தியோகஸ்தர்கள் வரை சர்வ சாதாரணமாகச் சொல்லிவருகிற அபிப்பிராயம், வாயில்லாப் பிராணிகளின் உயிருக்கு உலை வைக்கிறது என்பதே என் துணிபு.

நாய்க்கு இயற்கை அளித்துள்ள ஞானம் மோப்பம். அந்த மோப்பமே பல சமயங்களில் அதை விஷத்தின் பக்கம் இழுத்துச் செல்கிறது. நத்தைகளை ஒழிக்கத் தூவும் மெட்டால்டிஹைடு குருணையில் நத்தைக்கென்று சேர்த்த தவிடும் இனிப்பும் நாயையும் கவர்கின்றன. தின்ற சில மணி நேரத்திற்குள் நடுக்கமும் கடும் ஜுரமும் வலிப்பும் கண்டுவிடும் அவ்விஷத்துக்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. தேரையின் விஷயத்திலாவது, கண்ணுக்குப் பின்னே புடைத்திருக்கும் சுரப்பியின் பால் நாக்கில் பட்டவுடன் எரிவதால் நாய் நுரை தள்ளித் தவிக்கிறது. அருகிலிருப்பவர் அதன் தலையைக் கவிழ்த்துப் பிடித்து, நீர் தொண்டைக்குள் இறங்காதபடி வாயைக் கழுவி, வைத்தியரிடம் கொண்டோட அவகாசமுண்டு.

எலியின் கதை வேறு. புரோமாடியோலோன் கலந்த வில்லையைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் சோர்ந்து தள்ளாடித் திரிகிறது, தள்ளாடுவதாலேயே நாய்க்கு எளிதில் அகப்படுகிறது. ஓர் எலியால் நாயின் உயிர் போவது அரிது. ஓயாமல் எலி பிடித்துத் தின்னும் நாய்க்கே, அதாவது கெட்டிக்காரன் என்று நாம் மெச்சித் தட்டிக்கொடுக்கும் நாய்க்கே, ஆபத்து அதிகம். எலியின் ஈரலில் தங்கிய விஷம் நாயின் ஈரலை அடைந்து, இரத்தம் உறைய வேண்டிய வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கிறது. ஆயினும் இரத்தத்தில் முன்பே உள்ள உறைபொருள்கள் தீரும் வரை, ஏறக்குறைய 3 முதல் 5 நாள் வரை, நாய் வாலை ஆட்டிக்கொண்டு வாசலில் நிற்பதால், "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சுக்கு இடமேற்படுகிறது. பிறகு ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, மலம் கருத்துப் போகும்போது, போன வாரத்து எலியை யார் நினைக்கிறார்கள்? அடுத்த வீட்டுக்காரன் மருந்து வைத்துவிட்டான் என்று பழி வேறிடம் போகிறது. எலி தின்றது என்ற செய்தி காலத்தில் வைத்தியர் காதுக்கு எட்டியிருந்தால், வைட்டமின் கே1 கொடுத்துப் பிழைக்க வைத்திருக்கக் கூடும்.

இதனினும் தாமதமாகக் கொல்வது ஒரு புழு. சாணவண்டைத் தின்றாலும், அவ்வண்டைத் தின்ற ஓணானைத் தின்றாலும் உள்ளே புகும் ஸ்பைரோசெர்கா, இரத்தக் குழாய்ச் சுவரினூடே ஊர்ந்து மகாதமனியில் மாதக்கணக்கில் தங்கி, பின்னர் உணவுக் குழாயில் கழலை கட்டுகிறது. சில நாய்களில் அக்கழலை புற்றாகவும் மாறுகிறது. உண்ட சோற்றை அப்படியே கக்கும் அந்நாயைப் பார்த்து, புல்லைத் தின்று வயிற்றைச் சுத்தி செய்துகொள்கிறது என்று சமாதானம் சொல்கிறார்கள். புல் தின்னும் நாய்களில் பெரும்பாலானவை கக்குவதே இல்லை. அவற்றுள் நோயுற்றுத் தின்பவையும் சிலவே. இந்தச் சமாதானத்தில் கழியும் மாதங்கள்தாம் மருந்தினால் புழுவைக் கொல்லக்கூடிய மாதங்கள். கழலை புற்றான பின் அறுவையாலும் கிடைக்கும் பலன் சொற்பம்.