ஆன்மாவைத் தராசில் நிறுக்க வேண்டாம்

இறந்த பிறகு நமக்கு என்ன ஆகும்? வீட்டில் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். சமய வகுப்பில் இன்னொன்று, உயிரியல் பாடத்தில் வேறொன்று. எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும் அவசரத்தில் புலனத்தில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது: ‘ஆன்மாவின் எடை 21 கிராம், விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது!’

அந்தக் கதையின் மூலத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டங்கன் மெக்டூகல் என்ற மருத்துவர், இறக்கும் தறுவாயில் இருந்த ஆறு நோயாளிகளைக் கட்டிலோடு தராசில் வைத்து நிறுத்தார். முடிவுகளை 1907-இல் வெளியிட்டார். 21 கிராம் குறைந்தது ஒரே ஒருவருக்குத்தான். மற்றவர்களின் அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இருவரின் அளவுகளை அவரே ஒதுக்கிவிட்டார். ஆறில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிட்டால், உங்கள் பள்ளி ஆய்வுக்கூட அறிக்கைக்குக்கூட மதிப்பெண் கிடைக்காது.

பிறகு நடந்த ஆய்வுகளில் சில, இதைவிட நேர்மையாக நடந்தன. சாம் பார்னியா என்ற மருத்துவரின் குழு, பல நாட்டு மருத்துவமனைகளில் இதயம் நின்றுபோன 2,060 நிகழ்வுகளை ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டது. ‘உடலை விட்டு மேலே மிதந்தேன்’ என்று சொல்பவர்களைச் சோதிக்க, மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி உயரமான பலகைகளில் படங்களை வைத்தார்கள். படத்தைப் பார்த்ததாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஆனால் கண்டதையும் கேட்டதையும் தெளிவாக நினைவுகூர்ந்த இருவரும் பலகை இல்லாத அறைகளில் இருந்தவர்கள். ஆகவே இந்த ஆய்வை எந்தப் பக்கமும் வெற்றியாகக் கொண்டாட முடியாது.

உடலுக்கு என்ன ஆகிறது என்பதில் விஞ்ஞானம் தெளிவாகப் பேசும். இரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே ஆக்சிஜன் இல்லாமல் மூளைச் செல்கள் அழியத் தொடங்குகின்றன. ஆற்றல் தரும் ஏடிபி தீர்ந்துபோவதால் தசைகள் தளர முடியாமல் விறைத்துக்கொள்கின்றன. மின்சுடலையில் உடலிலுள்ள நீர் ஆவியாகிறது, கார்பன் பெரும்பாலும் கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கிறது. கிள்ளான் பக்கம் கடலில் நாம் கரைக்கும் சாம்பல், பெரும்பாலும் எலும்பிலிருந்த கால்சியம் பாஸ்பேட்.

‘நான்’ என்ற உணர்வு அதன்பின் எங்கே போகிறது? அதைச் சோதித்துப் பார்க்கும் வழி விஞ்ஞானத்திடம் இல்லை. சமய நூல்களும் இதை எளிய கேள்வியாக நினைக்கவில்லை. கடோபநிடதத்தில் நசிகேதன் என்ற சிறுவன் எமனிடமே இதைக் கேட்கிறான். எமன் உடனே பதில் சொல்வதில்லை. வேறு வரம் கேட்கும்படி அவனைத் திசைதிருப்பப் பார்க்கிறான். இத்தனை ஆழமான கேள்விக்கு 21 கிராம் என்று விடை எழுதுவது, விஞ்ஞானத்தை மட்டுமல்ல, அந்த நூலையும் சிறுமைப்படுத்துவதாகும்.

‘எதை நம்பினால் என்ன, யாருக்கு நட்டம்?’ என்று நீங்கள் கேட்கலாம். நட்டம் இருக்கிறது. மலேசியாவில் சுமார் 10,000 பேர் உறுப்புக்காகக் காத்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தேவை சிறுநீரகம். இறந்தபின் உறுப்பு தருபவர்களோ மிகக் குறைவு. ஸ்பெயினில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு 40-க்கும் மேற்பட்டவர்களின் உறுப்புகள் கிடைக்கின்றன. நம் நாட்டு எண்ணிக்கை ஒன்றைச் சுற்றியே நிற்கிறது.

தயக்கத்துக்கு இரண்டு காரணங்களை அடிக்கடி கேட்கிறோம். முதலாவது, ‘இதயம் துடிக்கிறதே, எப்படி இறந்துவிட்டார் என்கிறீர்கள்?’ இதயத்துக்குத் துடிப்பை உண்டாக்கும் சொந்த மையம் உண்டு. சுவாசக் கருவி ஆக்சிஜன் கொடுக்கும்வரை, மூளை முழுதாகச் செயலிழந்த பின்னும் அது சிறிது காலம் துடிக்கும், உடலும் சூடாக இருக்கும். ஆழ்மயக்கத்தில் உள்ளவர் மீண்டு வரலாம். மூளைச்சாவு அடைந்தவர் மீள்வதில்லை. உறுப்பு மாற்றுக் குழுவில் இல்லாத சிறப்பு மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் சோதித்த பிறகே அதை உறுதிசெய்கிறார்கள்.

இரண்டாவது, ‘கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் கண்ணில்லாமல் பிறப்போம்.’ எரியூட்டும்போது கண்ணையும் சேர்த்துத்தானே தீக்குக் கொடுக்கிறோம்? அதனால் வராத குறை, பார்வையற்ற ஒருவருக்குக் கொடுப்பதால் எப்படி வரும்? உடலைப் பழைய ஆடைக்கு ஒப்பிடுகிறது பகவத் கீதை. மற்ற சமயங்களும் தடை சொல்லவில்லை. கண், இதய மாற்றுச் சிகிச்சையை நம் நாட்டின் தேசிய ஃபத்வா குழு 1970-லேயே அனுமதித்தது. போப் இரண்டாம் ஜான் பால் 2000-ஆம் ஆண்டில் உறுப்பு தானத்தை அன்பின் செயலாகப் போற்றினார்.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஹிதேந்திரன் என்ற 15 வயது மாணவர் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தார். மருத்துவர்களான பெற்றோர், தாங்க முடியாத அந்த நேரத்திலும் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். காவல்துறை சென்னைச் சாலைகளை ஒழுங்குசெய்து வழிவிட, அவருடைய இதயம் ஒரு சிறுமியின் உடலில் துடித்தது. இறந்த பிறகு என்ன ஆகும் என்ற கேள்விக்கு, கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு விடை அது.

மறுபிறவியை நம்புங்கள், சொர்க்கத்தை நம்புங்கள், ஒன்றையும் நம்பாமலும் இருங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் நம்பிக்கைக்குப் பொய்யான ஆய்வுச் சான்றிதழ் வாங்காதீர்கள். சமயம் சொல்லாத பயத்தைச் சமயத்தின் பெயரால் பரப்பாதீர்கள். உறுப்பு தான உறுதிமொழியை மைசெஜாத்ரா செயலியில் பதியலாம். 18 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. உறுதிமொழி இருந்தாலும் மருத்துவமனையில் குடும்பத்தின் சம்மதத்தைக் கேட்பார்கள். ஷா ஆலமோ கிள்ளானோ, எங்கே இருந்தாலும் அம்மா அப்பாவிடம் இதைப் பற்றி இந்த வாரமே பேசுங்கள். மருத்துவமனை வராந்தாவில் அழுதுகொண்டே முடிவெடுப்பதைவிட, சாப்பாட்டு மேசையில் நிதானமாகப் பேசிவைப்பது நல்லது.