லாப்ரடாரைக் கட்டிப் போடலாமா?

எங்கள் அம்மையார்குப்பம் பக்கத்திலும் லாப்ரடார் வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு கேட்டில் கட்டிவிடுகிறார்கள். நானும் முதல் மாதம் அப்படித்தான் செய்தேன். தப்பு. காவலுக்கென்றால் நம் ராஜபாளையமும் கோம்பையும் இருக்கின்றன. லாப்ரடாரின் முன்னோர் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு கடலில் இறங்கி வலை இழுத்தவை. பிறகு இங்கிலாந்தில், சுட்டு விழுந்த வாத்தை எடுத்துவரப் பழக்கினார்கள். வனவிலங்குச் சட்டப்படி இப்போது இங்கே அந்த வேலை இல்லை. ஆனால் ஒரு பொருள் எங்கே விழுந்தது என்று கண்ணால் குறித்துக்கொள்ளும் புத்தி ரத்தத்தில் இருக்கிறதே!

அதற்கென்று பம்பர் என்ற உருளை விற்கிறார்கள். எங்களுக்குப் பழைய வேட்டியைச் சுருட்டிக் கட்டியதே போதும். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியாது, வெள்ளை தெரியும். நான் குட்டியைப் பிடித்துக்கொள்வேன். பேரன் இருபதடி தள்ளி நின்று, குரல் கொடுத்து உயரே வீசுவான். விழும்வரை அது பார்க்க வேண்டும், அப்புறம்தான் விடுவேன். எடுத்ததும் துரத்திப் பிடுங்காதீர்கள், விளையாட்டென்று ஓடிவிடும். நாம் பின்வாங்கினால் தானே வரும்.

ஒருநாள் ஆசையில் பதினைந்து முறை வீசச் சொன்னேன். பாதியிலேயே வேப்பமரத்தடியில் படுத்துவிட்டது. சோம்பலில்லை, என் பேராசை. இப்போது நாலே முறை, வெயில் ஏறுமுன்.

"திருடன் வந்தா செருப்பை எடுத்துக் குடுக்கும், மாமா" என்று மருமகள் சிரிக்கிறாள். கொடுக்கட்டும். சங்கிலியில் ராத்திரியெல்லாம் அழுத குட்டி இப்போது தூங்குகிறது.