மிட்டாய் மட்டுமா காரணம்?

ஹைதராபாத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள நாச்சாரம், தொழிற்பேட்டையால் அறியப்படும் ஊர். தொழிலாளர் குடும்பங்களுக்கான ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை ஒன்றும் அங்கே இருக்கிறது. அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் ஹப்சிகூடாவில் சி.சி.எம்.பி. என்று அறியப்படும் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம். அதையும் கடந்தால் தார்நாக்காவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இந்தியக் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீரிழிவு ஏன் வருகிறது என்ற கேள்விக்கு இவ்விரு நிறுவனங்களும் விடை தேடியிருக்கின்றன. கிடைத்த விடைகளுள் முக்கியமான ஒன்று பொதுப்பேச்சில் இன்னும் இடம்பெறவில்லை. மிகுதியான இனிப்பு மட்டுமல்ல, போதாத உணவும் நீரிழிவுக்கு வழி திறக்கிறது என்பதே அது.

இடம்பெறாமைக்கு முதற்காரணம் நோயின் பெயர். நாச்சாரத்தின் தெருக்களில் தெலுங்கு பேசுவோரும் உருது பேசுவோரும் தமிழ் பேசுவோரும் இந்நோயைச் ‘சுகர்’ என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் அது ‘சர்க்கரை நோய்’. இரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை மிகுந்து காணப்படுவதால் வந்த பெயர் இது; அறிகுறியைச் சுட்டுவது. கேட்பவர் செவியிலோ அது காரணத்தைச் சுட்டும் பெயராக மாறிவிடுகிறது. சர்க்கரை தின்றதால் வந்த நோய் என்று பொருள்கொண்ட பிறகு, குற்றவாளியைத் தேடுவது எளிது. பத்து வயதுப் பிள்ளைக்கு நோய் கண்டறியப்பட்டால், பெற்றோரிடம் உறவினர் கேட்கும் முதற்கேள்வி, “ரொம்ப மிட்டாய் வாங்கிக் கொடுத்தீங்களோ?” என்பதுதான்.

முதல் வகை நீரிழிவில் மிட்டாய்க்குப் பங்கே இல்லை. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அமைப்பு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தானே அழித்துவிடுவதால் அது வருகிறது. இந்த அறிவியல் உண்மை பாடநூலில் இருக்கிறது. உறவினரின் கேள்வியில் இல்லை.

‘நீரிழிவு’ என்னும் சொல்லின் வரலாறும் இங்கே கருதத்தக்கது. இழிதல் என்றால் பழந்தமிழில் இறங்குதல், கீழ்நோக்கிப் பாய்தல். மலையிலிருந்து அருவி இழியும். உடலிலிருந்து நீர் ஓயாமல் இழிவதால் அது நீரிழிவு. ‘டயாபெடிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் ஊடுருவிக் கடந்து செல்வதையே குறிக்கிறது. இரு மொழியினரும் கண்ணால் கண்டதற்குப் பெயரிட்டார்கள். காலப்போக்கில் ‘இழிவு’ தமிழில் தாழ்வையும் அவமானத்தையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. பாய்தல் என்ற பொருள் மறைந்து, பழி என்ற பொருள் மட்டும் காதில் விழுகிறது. நோயைப் பள்ளியிடம் மறைக்கும் குடும்பங்களும், பெண்ணின் திருமணம் தடைப்படுமென்று இன்சுலின் ஊசியைப் பூட்டி வைக்கும் குடும்பங்களும் இந்தப் பழிக்கு அஞ்சுபவையே.

இந்தப் பின்னணியில்தான் 2025ஆம் ஆண்டு மே மாதம் சி.பி.எஸ்.இ. வாரியம் தன் பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையைப் பார்க்க வேண்டும். குழந்தைகளிடையே இரண்டாம் வகை நீரிழிவு பெருகுவதைச் சுட்டிக்காட்டி, எல்லாப் பள்ளிகளிலும் ‘சர்க்கரைப் பலகை’ வைக்குமாறு அது பணித்தது. குளிர்பானத்திலும் நொறுக்குத்தீனியிலும் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் பலகை அது. நோக்கம் நல்லது, தேவையும் உண்டு. ஆனால் அந்தப் பலகை சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி சொல்லப்படாவிட்டால், அதே வகுப்பில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதல் வகைக் குழந்தை அந்தப் பலகையின் முன் குற்றவாளியாக நிற்க நேரும்.

மீதிப் பாதி என்ன? குழந்தைகளுக்கு வரும் நீரிழிவு ஒரே நோய் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2006இல், 25 வயதுக்குள் நீரிழிவு கண்டறியப்பட்டவர்களுக்கான பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் பதிவான 5,546 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் முதல் வகையினர்; நான்கில் ஒரு பங்கினர் இரண்டாம் வகையினர். எஞ்சியோர் இவ்விரு பெட்டிகளிலும் அடங்காதவர்கள்.

அடங்காதவர்களைச் சரியாகப் பெயரிடுவது வெறும் சொல்லாராய்ச்சி அன்று, மருந்தே மாறும். பிறந்து ஆறு மாதத்துக்குள் நீரிழிவு தோன்றினால் அது பெரும்பாலும் முதல் வகை அன்று. ஒற்றை மரபணுவில் நேர்ந்த மாற்றத்தின் விளைவு. கே.சி.என்.ஜே.11 என்ற மரபணுவின் பங்கு 2004இல் கண்டறியப்பட்டது. அந்த மாற்றம் உள்ள நோயாளிகளில் பெரும்பாலோர் ஊசியை விட்டுவிட்டுச் சல்போனைல்யூரியா மாத்திரைக்கு மாற முடியும் என்பது 2006இல் நிறுவப்பட்டது. தவறான பெயரோடு வாழ்ந்த ஒரு குழந்தை ஆண்டுக்கு ஆயிரம் முறைக்கு மேல் ஊசி குத்திக்கொண்டிருக்கும். சரியான பெயர் கிடைத்தால் மாத்திரை போதும்.

வெப்பமண்டல நாடுகளில் கணையத்தில் கல் தோன்றி இளவயதிலேயே நீரிழிவு வரும் வகை ஒன்று உண்டு. கேரளத்தில் மிகுதியாகக் காணப்பட்ட இந்நோய்க்கு மரவள்ளிக் கிழங்கே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. சி.சி.எம்.பி.யில் கிரிராஜ் ரதன் சாண்டக் குழுவினர் செய்த ஆய்வுகள், ஸ்பிங்க்1 என்னும் மரபணுவின் மாற்றங்களுக்கு இந்நோயோடு தொடர்பு இருப்பதைக் காட்டின. தட்டில் இருந்த ஒரே ஒரு பொருளின்மீது பழியைச் சுமத்தும் வழக்கம் இங்கேயும் தடுமாறியது.

எல்லாவற்றையும்விடப் பெயருக்காக நெடுங்காலம் காத்திருந்தது, பசித்த உடலின் நீரிழிவு. 1955இல் ஹியூ-ஜோன்ஸ் என்ற மருத்துவர் ஜமைக்காவில், முதல் வகையிலும் இரண்டாம் வகையிலும் சேராத நோயாளிகளை விவரித்தார். 1960களில் ஒடிசாவின் கட்டாக்கிலிருந்தும் மெலிந்த இளம் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் வந்தன. உலக சுகாதார நிறுவனம் 1985இல் ‘ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு’ என்று ஒரு தனி வகையை ஏற்றது. 1999இல், ஊட்டக்குறைவே நேரடிக் காரணம் என்பதற்குச் சான்று போதாது என்று கூறி அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பெயர்தான் நீங்கியது, நோயாளிகள் நீங்கவில்லை. அவர்கள் முதல் வகை என்றோ இரண்டாம் வகை என்றோ எழுதப்பட்டார்கள்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியும் இணைந்து செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கதவை மீண்டும் திறந்தது. மெலிந்த இந்த நோயாளிகளின் உடலில் இன்சுலின் சுரப்பு குறைந்திருக்கிறது. ஆனால் இரண்டாம் வகையில் காண்பதைப் போல உடல் இன்சுலினை எதிர்ப்பதில்லை என்று அது காட்டியது. 2025 ஜனவரியில் வேலூரில் வல்லுநர்கள் கூடினார்கள். ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதனை ‘ஐந்தாம் வகை’ என்று ஏற்றது. இதன் நடைமுறைப் பொருள் தெளிவானது. முதல் வகைக்குரிய அளவில் இன்சுலினை இவர்களுக்குக் கொடுத்தால், அடுத்த வேளை உணவே உறுதியில்லாத உடலில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்.

பசிக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவைக் குழந்தைப் பருவத்திலிருந்தே பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று ஹைதராபாத்தின் அருகிலேயே நடந்திருக்கிறது. அதை நடத்தியது தார்நாக்காவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுப் பிரிவு வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து உருவான நிறுவனம் அது. 1987 முதல் 1990 வரை, நகரை அடுத்த 29 சிற்றூர்களில் 15 ஊர்களின் கருவுற்ற பெண்களுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அங்கன்வாடித் திட்டத்தின் வழியே நாள்தோறும் கூடுதல் உணவு கிடைத்தது. மற்ற 14 ஊர்களுக்குத் திட்டம் அப்போது வந்து சேர்ந்திருக்கவில்லை. அந்தக் குழந்தைகள் 13 முதல் 18 வயது வரை வளர்ந்த பின், 1,165 பேரை ஆய்வாளர்கள் மீண்டும் அளந்தார்கள். 2008இல் வெளியான முடிவு இது: கூடுதல் உணவு கிடைத்த ஊர்களின் பிள்ளைகள் சராசரியாக 14 மில்லிமீட்டர் உயரமாக இருந்தார்கள். அவர்களுடைய இன்சுலின் எதிர்ப்பு அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவாக இருந்தது. இரத்தக் குழாய்களின் விறைப்பும் குறைந்திருந்தது.

கருவிலும் மழலைப் பருவத்திலும் கிடைத்த எளிய உணவு, பதினைந்து ஆண்டுகள் கழித்து ஹார்மோன் அளவில் தெரிகிறது. அங்கன்வாடியின் உணவுத் தட்டு பசி போக்கும் கருணை மட்டுமன்று; அது நீரிழிவுத் தடுப்புமாகும்.

நாடு தழுவிய கணக்கும் இதற்கு அரண் செய்கிறது. 2016 முதல் 2018 வரை நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, 10 முதல் 19 வயதினரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்பதைக் கண்டது. அதே வயதினரில் கூடுதல் எடை கொண்டவர்கள் சுமார் 5 விழுக்காட்டினர். வயதுக்கு மெலிந்தவர்கள் 24 விழுக்காட்டினர். கூடுதல் எடை கொண்ட ஒவ்வொருவரும் அந்த முன்னிலையில் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், முன்னிலையில் உள்ளவர்களில் பாதிப் பேர் கூடுதல் எடை இல்லாதவர்கள் என்றாகிறது. குண்டான பிள்ளையை மட்டும் பரிசோதிக்கும் பள்ளி இவர்களைத் தவறவிடும்.

மறுப்புகள் உண்டு, அவை நேர்மையானவை. ஐந்தாம் வகையை எல்லா வல்லுநர்களும் ஏற்கவில்லை. அதை உறுதிசெய்யும் அளவுகோல்கள் இன்னும் முதிரவில்லை. சிற்றூர் ஆய்வு, குலுக்கல் முறையில் ஊர்களைப் பிரித்துச் செய்ததன்று. 13 வயதில் கண்ட நன்மை 50 வயது வரை நிலைக்கும் என்று அது நிறுவவுமில்லை. குளிர்பானமும் பொட்டலத் தீனியும் நகரக் குழந்தைகளின் உடலைக் கெடுப்பதும் உண்மையே. ஆயினும் இவற்றுள் எதுவும் மிட்டாயை மட்டும் காட்டி நிறுத்திக்கொள்வதற்கு நியாயமாகாது. கருவில் பசித்த உடல், பின்னாளில் மலிவான தீனி பெருகும் நகரத்துக்கு வந்து சேரும்போது இரண்டு ஆபத்துகளும் ஒரே உடலில் சந்திக்கின்றன. நாச்சாரம் போன்ற தொழிற்பகுதிகளுக்குச் சிற்றூர்களிலிருந்து பிழைக்க வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது ஏட்டுச் செய்தி அன்று.

ஆகவே செய்ய வேண்டியவை சில உண்டு. முதலாவது, சர்க்கரைப் பலகையில் இன்னும் இரண்டு வரிகள் சேர வேண்டும். ‘முதல் வகை நீரிழிவு இனிப்புத் தின்பதால் வருவதில்லை’ என்பது ஒன்று. தணியாத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமின்றி எடை குறைதல், ஓயாத சோர்வு ஆகியவை கண்டால் அன்றே இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. படுக்கையை நனைப்பதை விட்டிருந்த பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்குவதும் ஓர் எச்சரிக்கையே. தாமதித்தால் உடலில் அமிலம் பெருகி, வாந்தியும் வயிற்று வலியும் மூச்சிரைப்பும் தோன்றும். அதைச் சாதாரண வயிற்றுக் கோளாறாக எண்ணிவிடும் நேரத்தில் உயிர் போகலாம். 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்ட லெனார்ட் தாம்சன் 14 வயதுச் சிறுவன். மருந்து வந்து நூறாண்டுகள் கடந்த பின்னும் ஒரு பிள்ளை நோய் அடையாளம் காணப்படாமலே இறப்பதை விதி என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, நோய் கண்டறியப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ‘இது எந்த வகை?’ என்ற கேள்வி எழுப்பப்பட வேண்டும். உடல் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதைக் காட்டும் சி-பெப்டைடு பரிசோதனையும், முதல் வகையை உறுதிசெய்யும் ஆன்டிபாடி பரிசோதனையும் அரசு மாவட்ட மருத்துவமனைகளிலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, அங்கன்வாடி உணவும் பள்ளி உணவும் நிதிநிலை அறிக்கையில் ‘நலத்திட்டம்’ என்ற தலைப்பின்கீழ் மட்டும் எண்ணப்படலாகாது. 2015இல் தெலங்கானா தொடங்கிய ஆரோக்கிய லட்சுமித் திட்டம், கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் முட்டை, பாலுடன் ஒருவேளை முழு உணவு தருகிறது. 2022இல் தமிழ்நாடு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவைத் தொடங்கியது. இவற்றை ‘இலவசம்’ என்று எள்ளுவோர், ஒரு நீரிழிவு நோயாளியின் வாழ்நாள் மருந்துச் செலவையும் இந்தத் தட்டுகளின் விலையையும் அருகருகே எழுதிப் பார்க்கலாம்.

பெயர்களை ஒரே நாளில் மாற்ற முடியாது. ‘சுகர்’ என்ற சொல் நாவில் ஊறிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நோயுற்ற பிள்ளையின் வீட்டுக்குச் செல்பவர் கேட்கும் கேள்வியை இன்றே மாற்றலாம். எவ்வளவு மிட்டாய் தின்றான் என்று கேட்பதை விடுத்து, எந்த வகை என்று மருத்துவர் சொன்னாரா, ஊசியும் பரிசோதனைப் பட்டையும் தட்டின்றிக் கிடைக்கின்றனவா, பள்ளியில் ஆசிரியருக்குத் தெரியுமா என்று கேட்கலாம். அந்தப் பிள்ளைக்குப் பயன்படுவது இந்த மூன்று கேள்விகள்தாம்.