மூணாறும் இரு பாஷைகளும்

கோடை பிறந்ததும் பனவடலிசத்திரம், சங்கரன்கோவில் முதலிய கரிசற்காட்டு ஊர்களிலிருந்து குளிர்ந்த மலைகளைத் தேடிச் செல்வோர் பலர். போடிநாயக்கனூர் வழியே மலையேறி மூணாற்றை அடைவோரை நாம் குறைகூற வரவில்லை. தேயிலைச் சரிவுகளையும், இரவிகுளத்து வரையாடுகளையும், 2,695 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஆனைமுடியையும் கண்டு களிப்பது நன்றே. ஆனால் மலையைக் கண்டவர்கள் அம்மலையில் வாழும் மனிதரையும் கண்டார்களா என்பதே நமது கேள்வி.

மூணாறு கேரள ராஜ்யத்தைச் சேர்ந்தது. எனினும் அதன் கடைவீதியில் மலையாளத்துடன் தமிழும் சரிசமானமாக ஒலிக்கிறது. சென்ற நூற்றாண்டிலும் அதற்கு முன்னும், நமது வறண்ட சீமையின் ஏழை ஜனங்கள் கங்காணிகளால் அத்தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். காட்டைத் திருத்திக் கொழுந்து பறித்தவர்கள் அவர்கள். 1956-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி ராஜ்யங்கள் பாஷைவாரியாகப் பிரிக்கப்பட்டபோது, செங்கோட்டை நம்முடன் சேர்ந்தது. தேவிகுளம், பீருமேடு தாலுகாக்கள் கேரளத்திலேயே நின்றன. அந்த எல்லை வழக்கை மீண்டும் கிளப்புவது நமது நோக்கமன்று. எல்லை எங்கே இருப்பினும், அதற்குள் வாழும் சிறுபான்மையோரின் உரிமை என்னவாயிற்று என்பதே இன்று கேட்கத் தக்கது.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளிடையே போல்ஸானோ என்ற நகரம் இருக்கிறது. ஜெர்மன் பேசுவோர் அதைப் போஸன் என்பர். 1919-ல் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்கு மாற்றப்பட்ட தென் டைரோல் நாட்டின் தலைநகரம் அது. நகரில் இத்தாலியர் மிகுதி. சுற்றியுள்ள மலைநாட்டில் ஜெர்மன் பேசுவோர் மிகுதி. முஸ்ஸோலினியின் ஆட்சி ஜெர்மன் பள்ளிகளை மூடிற்று. அதனால் பாஷை அழியவில்லை, பகைமையே வளர்ந்தது. பின்னர் 1946-ல் செய்த உடன்படிக்கையும், 1972-ல் வந்த சுயாட்சிச் சட்டமும் நிலைமையை மாற்றின. இன்று அங்கே சர்க்கார் உத்தியோகம் விரும்புவோர் இரு பாஷைகளிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். ஊர்ப்பலகைகளும் இரு பாஷைகளில் நிற்கின்றன. இதனால் இத்தாலி தேசம் துண்டுபட்டு விடவில்லை.

நமது தேசத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. தாய்மொழியில் ஆரம்பக் கல்வி அளிக்க அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு வழி செய்கிறது. கேரளத்தின் 1969-ம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையோரை மறந்துவிடவில்லை. ஆனால் ஏட்டில் உள்ள உரிமை ஏழையின் கைக்கு எட்ட வேண்டுமன்றோ?

தோட்டத் தொழிலாளி வேலையிலிருந்து விலகினால் லயத்து வீட்டையும் விட வேண்டியவனாகிறான். 2020 ஆகஸ்டு 6-ந் தேதி இரவு, ராஜமலைக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. எழுபது உயிர்கள் மாண்டன. அவர்களுள் பலர் நமக்கு அண்டையிலுள்ள கயத்தாற்றைப் பூர்வீகமாக உடையவர்கள். இத்தகைய மக்கள் நிலமோ, வீடோ, நஷ்ட ஈடோ கோரிச் சர்க்கார் கச்சேரியை நாடும்போது, அங்குள்ள மனுவும் உத்தரவும் அவர்கள் படிக்கும் பாஷையில் இராவிட்டால் சட்டத்தால் யாருக்கு என்ன பயன்? 2015-ல் போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து மூணாற்றுப் பெண்கள் தாமே திரண்டு போராடினர். தம் குறையைத் தம் சொல்லில் கூற வல்லவர்கள் அவர்கள். அதைக் கேட்கும் காதுதான் வேண்டும்.

ஆகவே தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களின் கச்சேரிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் இரு பாஷையும் அறிந்த உத்தியோகஸ்தர்களை நியமிக்க வேண்டும். மனுக்களும் எச்சரிக்கை அறிவிப்புகளும் இரு பாஷைகளிலும் வெளிவர வேண்டும். அங்குள்ள தமிழ்ச் சிறுவர்களும் மலையாளத்தை ஆர்வத்துடன் கற்க வேண்டும். அண்டை வீட்டாரின் பாஷையை அறிவது அடிமைத்தனமாகாது. தமிழ்நாட்டில் வாழும் மலையாள, தெலுங்கு, கன்னட மக்களுக்கும் இதே நியாயத்தை நாம் வழங்கினாலன்றி, பிறரிடம் அதைக் கேட்க நமக்கு வாயிராது.

வழிப்போக்கர் தங்கச் சத்திரம் கட்டிய சீமை நமது சீமை; ஊர்ப் பெயரிலேயே அத்தருமம் நிலைத்திருக்கிறது. வந்தவனுக்கு ஓர் இரவு இடமளிப்பது தருமமானால், தலைமுறை தலைமுறையாக உழைத்தவனுக்கு அவன் பாஷையில் நீதி வழங்குவது கடமையே ஆகும். இரு ராஜ்யத்துத் தலைவர்களும் இதை உணர்ந்து ஆவன செய்வார்களாக.