தோற்ற போரின் பழி யாருக்கு?

2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆந் திகதி காபூல் நகரம் தலிபான் படையினர் கையில் வீழ்ந்தது. இருபதாண்டுக் காலம் நீடித்த அமெரிக்க யுத்தம் அம்மாத இறுதியில் ஓய்ந்தது. ஆயின், அத்தோல்விக்குப் பொறுப்பாளி யார் என்ற வழக்கு மாத்திரம் அன்று ஓயவில்லை. ஆட்சி மாறுந்தோறும் வாதியும் பிரதிவாதியும் இடம் மாறினரேயன்றி, வழக்கு ஓரடியேனும் முன்னே நகர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஏன் நகரவில்லை என்பதை ஆராய்தல் வரலாறு கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் பயனுடையதாகும்.

முதலில் இரு தரப்பாரின் வாதங்களையும் கேட்போம். 2020 பெப்ருவரி 29ஆந் திகதி டோஹா நகரிலே தலிபானுடன் உடன்படிக்கை செய்துகொண்டது டொனால்ட் ட்ரம்பின் அரசாங்கம். காபூல் அரசாங்கம் அதில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. எனினும், அவ்வரசாங்கத்தின் சிறைகளிலிருந்த தலிபான் கைதிகள் 5,000 பேர் வரையில் விடுவிக்கப்படவேண்டுமென்று அதிலே எழுதப்பட்டது. படைகள் முற்றாக வெளியேறுவதற்கு 2021 மே 1 எல்லையாகக் குறிக்கப்பட்டது. ஜோ பைடன் சனாதிபதியானபோது ஆப்கானிஸ்தானில் எஞ்சியிருந்த அமெரிக்கப் படையினர் 2,500 பேரே. முன்னவர் விட்டுச்சென்ற நிலைமையே தம்மைக் கட்டுப்படுத்தியது என்பது 2023 ஏப்ரில் மாதத்தில் பைடனின் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கையின் சாரம்.

மறு தரப்பார் சும்மா இருக்கவில்லை. 2024 செப்டெம்பரில், பிரதிநிதிகள் சபையின் வெளிவிவகாரக் குழுவைச் சேர்ந்த குடியரசுக் கட்சியினர் நீண்டதோர் அறிக்கையை வெளியிட்டனர். எச்சரிக்கைகளைப் புறக்கணித்து, மக்களை வெளியேற்றுதற்கான ஆயத்தங்களையுஞ் செய்யாது விட்டவர் பைடனே என்று அது குற்றஞ் சாட்டியது. காபூல் விமான நிலைய வாயிலில் ஓகஸ்ட் 26ஆந் திகதி நிகழ்ந்த குண்டுவெடிப்பில் அமெரிக்கப் படையினர் 13 பேரும், ஏறத்தாழ 170 ஆப்கானியரும் மாண்டனர். அந்தக் குருதிக்கும் அவரே பொறுப்பு என்பது அவர்கள் வாதம். பின்னர் ட்ரம்ப் மீண்டும் ஆட்சிக்கு வந்ததும், 2025 மே மாதத்தில் அவருடைய பாதுகாப்புச் செயலாளர் இன்னுமொரு விசாரணைக்கு உத்தரவிட்டார்.

இரு வாதங்களிலும் உண்மை உண்டு. ஆப்கான் புனரமைப்புச் செலவைக் கண்காணிப்பதற்கென 2008இல் கொங்கிரஸ் ஏற்படுத்திய விசேட கண்காணிப்பு அலுவலகம், ஆப்கான் இராணுவம் குலைந்த காரணத்தை 2022இல் ஆராய்ந்தது. படையினரையும் ஒப்பந்த வேலையாட்களையும் மீட்டுக்கொள்ளுதல் என்ற முடிவே உடனடிக் காரணங்களுள் தலையாயது என்று அது கண்டது. அம்முடிவு ட்ரம்பின் காலத்திலே கையொப்பமாகிப் பைடனின் காலத்திலே உறுதி செய்யப்பட்டது. ஆப்கான் விமானப் படையின் விமானங்களைப் பழுதுபார்த்து வந்தவர்களிற் பெரும்பாலானோர் அந்நிய ஒப்பந்தக்காரரே. அவர்கள் போனபின் விமானங்கள் பறப்பதெங்ஙனம்?

எனினும், ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரு தரப்பாரும் ஒரு விடயத்தில் மட்டும் சொல்லாமலே உடன்பட்டிருக்கின்றனர். வழக்கு கடைசிப் பதினெட்டு மாதங்களைப் பற்றியது என்பதே அவ்வுடன்பாடு. அதற்கு முந்திய பதினெட்டு ஆண்டுகளைப் பற்றிப் பேச இருவருக்கும் விருப்பமில்லை.

அப்பதினெட்டு ஆண்டுகளில் நிகழ்ந்தவை யாவை? 2001ஆம் ஆண்டின் இறுதியில் தலிபான் ஆட்சி சிதறிக் கிடந்த வேளையிலே, அவர்களோடு சமாதானம் பேசும் வாய்ப்பை ஜோர்ஜ் புஷ்ஷின் அரசாங்கம் தள்ளிவிட்டது. 2003இல் அதன் கவனமும் படையும் ஈராக்கை நோக்கித் திரும்பின. 2009 டிசெம்பரில் பராக் ஒபாமா மேலும் 30,000 படையினரை அனுப்பினார். அவர்கள் 2011 யூலையில் மீளத் தொடங்குவர் என்று அதே உரையிலே நாளுங் குறித்தார். எதிரிக்கு அதன்பின் வேண்டியிருந்தது பொறுமை ஒன்றே. 2017 ஓகஸ்டில் ட்ரம்ப், வெளியேறுவதே தமது முதலெண்ணமாயிருந்தது என்று வெளிப்படையாகக் கூறிவிட்டு, யுத்தத்தைத் தொடர்ந்தார்.

இவர்கள் உண்மை அறியாதவர்களா? அவ்வாறு கூறுதல் அரிது. 2019 டிசெம்பரில் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை நீதிமன்றத்திற் போராடிப் பெற்று வெளியிட்ட நேர்காணற் பதிவுகள் அதற்குச் சான்று. புஷ், ஒபாமா ஆகிய இருவரிடமும் வெள்ளை மாளிகையில் யுத்த ஆலோசகராக இருந்த தளபதி டக்ளஸ் லூட், ஆப்கானிஸ்தானைப் பற்றிய அடிப்படை விளக்கமே தங்களுக்கு இருக்கவில்லை என்று 2015இல் கூறியிருந்தார். அன்று மக்களுக்குச் சொல்லப்பட்டதோ முன்னேற்றம், முன்னேற்றம் என்பதே. எத்தனை மாவட்டங்கள் எவர் வசம் உள்ளன என்ற கணிப்பைக்கூட 2019 அளவில் இராணுவத்தார் கைவிட்டனர். நோயாளியின் காய்ச்சல் ஏறக் கண்டு வெப்பமானியைத் தூக்கி எறிந்த வைத்தியரை ஒத்தது இச்செயல்.

இங்கேதான் வழக்கின் உயிர்நாடி இருக்கிறது என்பது என் கருத்து. தோற்கும் போரைத் தொடர்பவனுக்குத் தண்டனை இல்லை. அதை முடிப்பவனுக்கே தண்டனை. பழி இவ்வாறு வழங்கப்படுமாயின், அடுத்தவர் தலையில் அதைச் சுமத்திச் செல்லும்வரை தோல்வியை ஒத்திவைப்பதே ஒவ்வொரு தலைவனுக்கும் இலாபமாகும். அவ்வொத்திவைப்பின் செலவைப் போர்முனையில் நிற்பவனும் குண்டு விழும் கிராமத்தவனும் செலுத்துவர்.

இது புதிய நோயன்று. 1964 மே மாதத்திலே, வியட்னாம் போரிடத் தக்க இடமென்று தாம் எண்ணவில்லை, ஆயினும் விலகவும் வழி தெரியவில்லை என்னும் பொருள்படச் சனாதிபதி ஜோன்சன் தொலைபேசியிற் பேசியது ஒலிப்பதிவாக இருக்கிறது. அவரே மறு ஆண்டு பெரும்படையை அங்கு அனுப்பினார். அவருடைய பாதுகாப்புச் செயலாளர் மக்னமாரா, தாங்கள் தவறிழைத்ததாக நூலெழுதி ஒப்புக்கொண்டது 1995இல். யுத்தம் முடிந்து இருபதாண்டுகளின் பின்னர்.

சனாதிபதிகளை மட்டும் கூண்டிலேற்றுதலும் நியாயமாகாது. 2001 செப்டெம்பர் 14ஆந் திகதி படைபல அதிகாரம் வழங்கும் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபை 420 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்தவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ ஒருவரே. செனற் சபையில் எதிர்த்தவர் எவருமிலர். அத்தீர்மானத்திலே ஆப்கானிஸ்தான் என்ற பெயர்கூட இல்லை. அதிகாரத்தை ஒரே நாளிற் கொடுத்தவர்கள், அதற்குக் கணக்குக் கேட்பதை ஆண்டுதோறும் மறந்து பணத்தை மட்டும் ஒதுக்கிவந்தனர்.

எல்லோரும் குற்றவாளிகளெனின் எவருமே குற்றவாளியல்லர் என்று ஆகிவிடாதா என நண்பர்கள் கேட்கக்கூடும். ஆகாது. பழியைப் பங்கிடுதல் வேறு, கரைத்துவிடுதல் வேறு. சமாதான வாய்ப்பைத் தள்ளியதற்குப் புஷ்ஷும், நாட்குறித்துப் படை பெருக்கியதற்கு ஒபாமாவும், காபூலை விலக்கி உடன்படிக்கை செய்ததற்கு ட்ரம்பும், ஆயத்தமின்றி வெளியேறியதற்குப் பைடனும் தனித்தனியே விடை கூறவேண்டியவர்கள். ஊழலிற் புதைந்த நிருவாகத்தை நடத்தி, இறுதி நாளிலே நாட்டைவிட்டு ஓடிய அஷ்ரப் கானியும் விடை கூறவேண்டியவரே.

தமக்காகப் போரிட விரும்பாதவர்கள் என்று 2021 ஓகஸ்ட் 16ஆந் திகதி பைடன் ஆப்கான் படையினர்மீது சாட்டிய பழியையோ நான் ஏற்கமாட்டேன். அப்போரில் ஆப்கான் இராணுவத்தினரும் பொலிசாருமாக 60,000 பேருக்கு மேல் மாண்டனர். அமெரிக்கப் படையில் மாண்டோர் 2,400க்குச் சற்று மேல். கொள்கை வகுத்த எந்த மேசையிலும் அந்தச் சிப்பாய்க்கு இடம் இருக்கவில்லை. குரலற்றவன்மேற் போடப்படும் பழி இலகுவில் ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே அதனை நாம் சந்தேகிக்கவேண்டும்.

2021 டிசெம்பரில், இருபதாண்டுகளையும் ஆராய்வதற்கென இரு கட்சியினரும் நியமிக்கும் 16 உறுப்பினர் கொண்ட ஆணைக்குழுவொன்றைக் கொங்கிரஸ் சட்டத்தின் மூலம் அமைத்தது. கதவைக் கடைசியாகச் சாத்தியவர் யார் என்று கேட்பதோடு நில்லாது, யார் எதை எப்போது அறிந்திருந்தார், அறிந்ததை மக்களுக்கு ஏன் கூறவில்லை என்று கேட்பதே இத்தகைய விசாரணையின் கடமை. அக்கேள்வி கேட்கப்படாத நாட்டிலே, அடுத்த யுத்தமும் முடிக்க ஆளின்றி நீளும்.