ஆதரவு யாருக்கும் இல்லை, கணக்கு எல்லோரிடமும் கேட்போம்

ஊழல் ஒழிப்பைச் சொல்லி ஓட்டுக் கேட்டு வருகிறவரை நம் குடியிருப்போர் சங்கம் ஆதரிக்குமா என்று டெல்லி ஆர்.கே.புரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல கேட்கின்றன. ஆதரிக்காது. எதிர்க்கவும் செய்யாது.

இந்த வாக்குறுதி நம் தொகுதிக்குப் புதிதல்ல. 2013 டிசம்பரில் ஆம் ஆத்மியின் ஷாஜியா இல்மி, பாஜகவின் அனில் குமார் சர்மாவிடம் 326 ஓட்டில் தோற்றார். கிருத்திகையன்று நம் மலை மந்திர் முருகன் கோயில் வரிசையில் அதைவிட அதிகம் பேர் நிற்பார்கள். 2015இலும் 2020இலும் ஆம் ஆத்மியின் அதே துடைப்பச் சின்னத்தில் பர்மிளா தோக்கஸ் வென்றார். 2025இல் மறுபடி அனில் சர்மா. இல்மியோ 2015 தொடக்கத்திலேயே பாஜகவுக்குப் போய்விட்டார். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 'ஊழலை ஒழிப்பேன்' என்பதை எந்த மேடையிலும் சொல்லலாம். கேட்கிற நாம் அதை எதை வைத்துச் சரிபார்ப்பது?

இன்னொரு சங்கடமும் உண்டு. நம்மில் பாதிப்பேர் அரசு குவார்ட்டர்ஸ்காரர்கள். 1964ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி சட்டையிலோ ஸ்கூட்டரிலோ வீட்டுக் கதவிலோ கட்சிச் சின்னம் ஒட்டக் கூடாது. ஓட்டுப் போடலாம், அவ்வளவுதான். சங்கம் ஒரு பக்கம் சாய்ந்தால் மாட்டிக்கொள்வது அவர்கள்.

ஆனால் கணக்குப் பார்ப்பது பிரசாரம் ஆகாது. சட்டமன்ற வேட்பாளர் செலவழிக்கலாம் என்று டெல்லிக்கு விதித்திருக்கும் வரம்பு 40 லட்சம் ரூபாய். தினச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு ரோஸ் தாள், வங்கிக்கு மஞ்சள் தாள் என்று ஒரு பதிவேடு அவர் கையில் இருக்கும். முடிவு வெளியான 30 நாளுக்குள் அதை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் தர வேண்டும். கட்சி தன் பெயரில் செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது என்பது தனி வேடிக்கை. ஓட்டை அங்கேதான் பெரிது.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் சங்க அறையில் பேச இடம் உண்டு. வரும்போது சொத்து, வழக்கு விவரம் சொல்லும் பிரமாணப் பத்திரத்தின் நகலும், அன்றுவரையிலான செலவுப் பக்கங்களின் நகலும் கொண்டுவர வேண்டும். இரண்டும் எங்கள் அறிவிப்புப் பலகையில் ஏறும். பந்தல், நாற்காலி, டீ எதையும் வேட்பாளர் செலவில் வாங்கிக்கொள்ள மாட்டோம். தேர்தல் முடிந்ததும் ஓய்வுபெற்ற உறுப்பினர் இருவர் தேர்தல் அலுவலகத்துக்குப் போய், வென்றவர் கணக்கையும் தோற்றவர் கணக்கையும் பார்த்து வருவார்கள். விதிப்படி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கட்டணம் ஒரு ரூபாய். அதைச் சங்கம் கொடுக்கும்.